மஞ்சளா, பச்சையா?

சவப்பெட்டியின் பித்தளைக் கைப்பிடி மீன்தொட்டியில் ‘ணங்’ என்று இடித்தது. ஹோலில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள்.

“ஹெமிங், மல்லி, ஹெமிங்!” என்று பெட்டி தூக்கி வந்தவர்களை மெதுவாகப் போகும்படி சிங்களத்தில் அதட்டினார் நிக்கலஸ் மாமா. பிறகு, “அத்தான் எங்க போயிட்டு வந்தாலும் முதல்ல மீனைத்தான் பாப்பார். இண்டைக்கும் அப்பிடித்தான்” என்றார்.

யாரோ சிரித்தார்கள். டில்ஷானியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். இறந்தவரின் ஒரே மகள் அவள். இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அவள் தொட்டிக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள். கீறல் இல்லை. உள்ளேதான் ஏதோ சரியில்லை. தண்ணீர் கலங்கியிருந்தது. ஏழு தங்கமீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அவளுக்குச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது.

டடி ஸ்ரனிஸ்லாஸ் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் கற்றரக்ட் புரை வந்த பிறகு நிறம் பிடிபடுவதில்லை என்றார். சனிக்கிழமை தோறும் தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து, மருந்துத் துளி விட்டு, படம் பிடித்துத் தெஹிவளையில் இருக்கும் அவளுக்கு அனுப்புவார். ‘மகள், மஞ்சளா, பச்சையா?’ மஞ்சள் என்றால் தண்ணீர் நல்லது. பச்சை என்றால் அமோனியா, மீனுக்கு நஞ்சு.

அவள் ‘மஞ்சள்’ என்று பதில் போடுவாள். கடைசியாக எப்போது படத்தைத் திறந்து பார்த்தாள் என்பது அவளுக்கே தெரியாது. போன சனிக்கிழமையும் சலூனில் தலைமுடி வெட்டக் காத்திருந்தபோது ‘மஞ்சள்’ என்றாள். வியாழக்கிழமை காலை டடி பேப்பர் வாசித்தபடி கதிரையிலேயே போய்விட்டார்.

டில்ஷானி போனை எடுத்தாள். முதல் தடவையாக அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

பச்சை.

பக்கத்தில் தகர மூடி திறக்கும் சத்தம். எதிர்வீட்டு அஸீஸா மீன்தீனியை ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டிக்குள் தூவினாள்.

“ஆன்ட்டி, என்ன செய்றீங்க?”

“பசியில மேல வந்து நிக்கிதுகள், மகள். அங்கிள் ஈந்தா இந்நேரம் போட்டீப்பாரு தானே. வாற எல்லாரும் ஒரு சிட்டிகை போடுறாங்க.”

டில்ஷானி டின்னை வாங்கிப் பார்த்தாள். அடி தெரிந்தது. இவ்வளவு தீனியும் தண்ணீரைக் கெடுக்கும்.

தொட்டிக்குக் கீழே டடி தண்ணீர் சோதிக்கும் மருந்துப் பெட்டி இருந்தது. குழாயில் தண்ணீர் எடுத்தாள். இரண்டு குப்பியிலிருந்தும் எட்டெட்டுத் துளி. மூடிக் குலுக்கினாள். ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். சவப்பெட்டியைச் சுற்றி இருந்தவர்கள் செபமாலை தொடங்கியிருந்தார்கள். அருள் நிறைந்த மரியே பத்துத் தரம் முடியும்வரை அவள் குழாயைப் பிடித்தபடி நின்றாள்.

“அழு பிள்ளை, அழுதாத்தான் லேசாகும்” என்று நிக்கலஸ் மாமா காதுக்குள் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

குழாயை வெள்ளைக் கடதாசியில் வைத்துப் பார்த்தாள். படத்தில் இருந்ததைவிடக் கடும் பச்சை.

“என்ன நிறம்?”

பெட்டியின் தலைமாட்டில் இருந்த மம்மி புளோறன்ஸ்தான் கேட்டாள்.

“பச்சை.”

“அப்ப மூண்டிலொரு பங்கு தண்ணி மாத்தோணும். பாத்றூமில வாளியில கிடக்கு, டடி புதன்கிழமை பிடிச்சு வச்சவர். குளோரின் எல்லாம் போயிருக்கும்.”

டில்ஷானி மம்மியின் பக்கம் போனாள்.

“மம்மி, சனிக்கிழமை டடி தண்ணி மாத்தினவரா?”

“ஓம், மாத்தினவர். அண்டைக்கும் பச்சைதானே.”

“நான் மஞ்சள் எண்டெல்லோ அனுப்பினனான்.”

புளோறன்ஸ் டடியின் கோட்டில் விழுந்திருந்த பூவிதழ் ஒன்றை விரலால் எடுத்தாள்.

“நீ பதில் போட்ட பிறகு, என்னையும் கூப்பிட்டு ஒருக்காக் காட்டுறவர், பிள்ளை. எப்பவும்.”