வெறுங்குழாயில் எழுந்த பீக்

ஆய்வகத்தில் அவளுக்கு 'அவசரம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. உறை போர்த்திய ஒரு வைரஸில் என்னென்ன புரதம், என்னென்ன கொழுப்பு என்று பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. புரதத்தில் தகராறே இல்லை. புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் நாலு பட்டை, நாலும் வைரஸின் சொந்தச் சரக்கு. கொழுப்புதான் வில்லங்கம். உறைக்கான கொழுப்பை வைரஸ் தானாகச் செய்துகொள்வதில்லை. குடியிருந்த செல்லைவிட்டுக் கிளம்பும்போது அதன் தோலிலேயே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு நடையைக் கட்டிவிடும். கடைந்தெடுத்த களவாணி!

அந்தப் போர்வையில்தான் செல்லில் இல்லாத புதுக் கொழுப்பு ஒன்று அகப்பட்டது. கருவி வரைந்த கோட்டில் நெட்டையாக ஒரு முகடு, அவர்கள் பாஷையில் பீக். ஆய்வகத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டார். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நாளைய கூட்டத்தில் அவள் பேசுவதைக் கேட்டுத்தான் இன்னொரு வருடம் தருவதா என்று முடிவு செய்வார்கள். அவள் ஏறக்குறைய மிதந்துகொண்டிருந்தாள்.

"வெறுங்குழாய் படத்தையும் ஓரமா போட்டுடும்மா. யாராவது கேப்பாங்க" என்றார் தலைவர்.

அவளுக்குத் திக்கென்றது. வைரஸே போடாமல், வெறும் கரைப்பானை மட்டும் ஊற்றி எல்லாப் படியையும் செய்து பார்க்கும் குழாய் அது. அவசரத்தில் அதை விட்டிருந்தாள். ஓடிப்போய்ச் செய்தாள். காலை பதினோரு மணிக்குக் கருவி கோடு போட்டது. வைரஸின் வாசனைகூடப் படாத குழாயில் அதே நெட்டைப் பீக் ஜம்மென்று எழுந்து நின்றது.

"ஐயையோ!"

எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்பு செல்லின் கொழுப்பைக் கண்ணாடிக் குழாயில் பிரித்திருந்தாள். பிறகு கண்ணாடிச் சாமான் அறைக்காரரோடு சண்டை. பழைய குழாயைக் கழுவித் தந்தால்தான் புதுசு என்றார் அவர். "உங்க கண்ணாடியை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்று வந்தவள், வைரஸைப் பிளாஸ்டிக் குழாயில் பிரித்திருந்தாள். கரைப்பானாக ஊற்றிய குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கில் இருந்ததை உருவி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. புதுக் கொழுப்பாவது மண்ணாவது!

ஃப்ரீசரில் மிச்சம் ஒரே ஒரு குப்பி வைரஸ். அவள் வீம்பை விழுங்கிக்கொண்டு கண்ணாடி அறை வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, பத்து குழாய் வேணும்."

"இத்தனை நாளா எதுல வேலை பார்த்தே?"

"பிளாஸ்டிக்ல."

"குளோரோஃபார்மையா? அடிப்பாவி!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மேல்தட்டிலிருந்து ஒரு குழாய்த் தாங்கியை இறக்கினார். அலுமினியத் தாள் போர்த்தி, மேலே 'அவசரம்' என்று எழுதி, மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி போட்டிருந்தது. "நீ மறுநாளே வந்துடுவேன்னு நினைச்சேன்" என்றார். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

கடைசிக் குப்பியைக் கண்ணாடியில் பிரித்ததும், மாலைக்குள் பீக் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அது மறைத்துக்கொண்டிருந்த சின்னக் கோடுகள் இப்போது தெளிவாகத் தெரிந்தன. அவற்றை அவள் மும்முறை அளந்தாள்.

மறுநாள் கூட்டத்தில் முதல் படமாகவே வெறுங்குழாயைப் போட்டாள். "புதுக் கொழுப்பு எதுவும் இல்லை. அது என் குழாயோட பிளாஸ்டிக்." அறை குபீரென்று சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அடுத்த படத்துக்குப் போனாள். "நிஜமா இருக்கிறது இதுதான். செல்லோட தோல்ல இருக்கிற கொலஸ்டிராலைவிட வைரஸ் உறையில ரெண்டு மடங்கு இருக்கு."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ திருடன் கைக்குக் கிடைச்சதைச் சுருட்டல. பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கான்?"

"ஆமா சார்."

"எப்படிப் பொறுக்குறான்?"

"தெரியலை சார்."

"தெரிஞ்சுக்க ஒரு வருஷம் போதுமா?"

அவள் தலையை வேகமாக ஆட்டினாள். வெளியே வந்தால், கதவோரம் கண்ணாடி அறை அண்ணன் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"சந்தோஷம்மா. பத்துக் குழாயையும் கழுவிக் கொண்டா."

அவள் அன்றைக்கே அவசர அவசரமாகக் கழுவினாள். முடித்தபோது ஒன்பதுதான் முழுசாக இருந்தது.