எட்டு முழ வேட்டிக்குக் கீழே பன்னிரண்டு தக்காளிச் செடிகள்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் படத்தில் பிறந்தது. மறைத்துப் பயனில்லை. அமெரிக்காவில் பாலைவனத்தை ஒட்டிய எல் பாசோ என்ற ஊரில் இருக்கும் நண்பர் அனுப்பினார்: வீட்டுக் கொல்லையில் வரிசையாக வெள்ளை வேட்டிகள், உள்ளே மினுக்மினுக்கென்று விளக்குகள். "பக்கத்து வீட்டு ஆன்ட்டி தக்காளிக்குப் போர்த்தியிருக்காங்க" என்று கீழே ஒரு வரி. நான் இருப்பது அதே மாநிலத்தில் ரவுண்ட் ராக் என்ற ஊரில், ஓர் அபார்ட்மென்ட்டில், செடி வைத்தவனில்லை. ஆனாலும் அந்த ஆன்ட்டியை விட மனம் வரவில்லை. ஷ்யாமளா என்று பெயர் வைத்தேன். வயது ஐம்பத்தொன்று, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை.

2

முதல் தொடக்கம்: "பாலைவனத்தின் விளிம்பில் ஒரு பெண் தன் தனிமையை நட்டு, கண்ணீர்

அடித்துவிட்டேன். ஷ்யாமளாவுக்குத் தனிமையெல்லாம் கிடையாது. கோபம்தான் உண்டு. அங்கிருந்து தொடங்குகிறேன்.

முதல் வருடம் அவள் காலண்டரை நம்பினாள். சென்னையிலிருந்து வந்த தினசரி காலண்டரில் 'மேல்நோக்கு நாள்' என்று போட்டிருந்த ஒரு பிப்ரவரி ஞாயிறு. வெளியே ஃபாரன்ஹீட் கணக்கில் எழுபத்தைந்து டிகிரி, ஸ்வெட்டர்கூட வேண்டாம். நாற்றை மண்ணில் வைத்தாள். மார்ச் பத்தாம் தேதி உறைபனி இறங்கியது. அத்தனையும் வேகவைத்த கீரை மாதிரி துவண்டு கறுத்துப்போனது. (மேல்நோக்கு நாளில் நட்டால் செடி மேல்நோக்கி வளரும் என்பது கணக்கு. அச்சடித்தவருக்கு எல் பாசோ தெரியாது. அவர்மேல் தப்பில்லை.)

இரண்டாம் வருடம் ஊர்க்காரர்கள் சொன்னபடி ஏப்ரல் பாதிவரை பொறுத்தாள். செடி தளதளவென்று வந்தது. ஜூன் பிறந்ததும் நூற்றுமூன்று டிகிரி. பூத்ததெல்லாம் உதிர்ந்தது. ஒரு காய் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. முந்தினால் பனி, பிந்தினால் வெயில். பனி முடியும்வரை காத்திருக்கிறவளுக்கு இந்த ஊரில் தக்காளி கிடையாது. முன்னாலேயே நட்டுவிட்டு, வருகிற பனியோடு மல்லுக்கு நிற்க வேண்டும்.

3

அவள் கணவர் ஜம்புநாதன், சிவில் என்ஜினீயர். இவரை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன், ஒட்டவில்லை. தினமும் காலையில் அவளுக்குக் காபி போட்டுத் தருகிறவர் இவர்தான். ஆனால் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் மண்ணை மூடிச் சரளைக்கல் கொட்டியிருக்கிறது. தன் வீட்டில் மட்டும் வருடா வருடம் காய்ந்த குச்சிகள் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"இந்த மூணாவது வருஷம் பனியில போச்சுன்னா கல்லு கொட்டிடலாம் ஷ்யாமா. ஒத்துக்கறியா?"

"சரி."

(ஆமாம், சொன்னாள். இதை அவளுக்காக நான் மறைக்கப்போவதில்லை.)

மார்ச் முதல் வாரத்திலேயே பன்னிரண்டு நாற்றுகள் நட்டாள். மறு வெள்ளிக்கிழமை ஃபோர்காஸ்ட் ராத்திரி இருபத்தொன்பது டிகிரி என்றது; முப்பத்திரண்டிலேயே தண்ணீர் உறைந்துவிடும். சாயங்காலம் கம்பியை வளைத்து நட்டு, அவருடைய எட்டு முழ வேட்டிகள் அத்தனையையும் எடுத்துப் போர்த்தினாள். பல்பு சூட்டில் இரண்டு மூன்று டிகிரி ஏறும் என்று எங்கோ படித்திருந்ததால், கொலுவுக்குப் போடும் சீரியல் பல்பையும் உள்ளே ஓட்டினாள். ஜம்புநாதன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு உள்ளே போய், சனிக்கிழமை காலைக்கே கல் லாரிக்குச் சொல்லிவிட்டார்.

4

முடிவு அ: வேட்டியைத் தூக்குகிறாள். பன்னிரண்டும் பச்சை. ஜம்புநாதன் கண்கலங்கி (கலங்க மாட்டார். அடித்தேன்.)

முடிவு ஆ: பன்னிரண்டும் கறுப்பு. அவள் மௌனமாக வேட்டிகளை மடிக்கிறாள். இதை நல்ல இலக்கியம் என்று நாலு பேர் சொல்வார்கள். அதற்காகவே வேண்டாம்.

5

சனிக்கிழமை காலை ஏழு மணி. டிரைவ்வேயில் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். ஷ்யாமளா முதல் வேட்டியின் ஓரத்தைப் பிடித்தாள். பின்னால் ஜம்புநாதன் வந்து நின்றார்.

"என்ன பாக்கப்போற? உள்ள போட்டிருக்கற பல்பு புது செட். எல்ஈடி. சூடே வராது."

அவள் நிமிரவில்லை. "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நேத்து நீ மாட்டும்போதே பாத்தேன்."

"சொல்லலை."

"சொன்னா கேப்பியா நீ? பழைய பல்பு கராஜ்ல எங்கேயோ கிடக்கு. அதை யாரு தேடறது."

இந்த இடத்தில் கதை என் கையைவிட்டுப் போய்விட்டது. நான் அவளை வேட்டியைத் தூக்க வைத்திருந்தேன். அவள் தூக்கவில்லை. ஓரத்தைக் கீழே விட்டுவிட்டு லாரியின் பின்னால் போய் நின்று, ஒரு கல்கூட இறங்கக் கூடாது என்று டிரைவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் ஜம்புநாதனைப் பார்த்தான். அவர் அவளைப் பார்த்தார்.

"ஷ்யாமா, நீதானே சரின்னு சொன்ன?"

"பனியில போச்சுன்னா சரின்னு சொன்னேன். நீங்க தெரிஞ்சும் வேடிக்கை பாத்து, அதனால செடி போறதுக்கு நான் சரி சொல்லலை."

லாரி வந்த வழியே போயிற்று.

6

செடிகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். தெரியாது. பனி பட்ட இலை காலை ஏழு மணிக்கு ஒன்றும் காட்டிக்கொடுக்காது, வெயில் ஏறிய பிறகுதான் கறுக்கும் என்கிறார் படம் அனுப்பிய நண்பர். பத்து மணிக்கு நீங்களே போய் வேட்டியைத் தூக்கிப் பாருங்கள். பச்சையோ கறுப்போ, உங்கள் விருப்பம்போல் வைத்துக்கொள்ளுங்கள். கறுத்திருந்தால் அவள் மறுபடி நடுவாள். அந்த மண்ணில் கல் விழாது. அதை மட்டும் நான் உங்கள் கையில் கொடுப்பதாக இல்லை.