எட்டு வயதுப் பொய்

ரிச்மண்டில் இருந்த தையல் ஆலையில் சேர்ந்த முதல் நாளே, பக்கத்து மெஷினில் இருந்த லியென் சிவனேஸ்வரியிடம் கேட்டது வயதைத்தான். போன வருடம், எழுபத்தெட்டில், வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவள் லியென். வயது தெரியாமல் வியட்நாமியர் ஒருவர் மற்றவரை எப்படி அழைப்பது? மூத்தவள் என்றால் 'சி', இளையவள் என்றால் 'எம்'.

முப்பத்தைந்துக்கு மேல் ஆள் எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டு, நாற்பத்திரண்டை முப்பத்திநாலு என்று மேற்பார்வை பார்க்கும் போர்மனிடம் சொல்லியிருந்தாள் சிவனேஸ்வரி. அதையே இங்கும் சொன்னாள். முப்பத்தெட்டு வயது லியென் அந்த நிமிடமே அக்கா ஆனாள்.

ஐந்து பேருக்கு மூத்தவளாய்ப் பிறந்து, விட்டுக்கொடுத்தே வளர்ந்த சிவனேஸ்வரிக்குத் தங்கையாக இருப்பது ருசித்தது. லியென் தன் சோற்றிலிருந்து மீன் துண்டை எடுத்து அவள் பக்கம் வைப்பாள். தையல் கோணினால் அதட்டுவாள். உறவுச் சொற்களும் சொல்லித் தந்தாள். தாயைப் பெற்றவள் 'பா ங்வாய்', தகப்பனைப் பெற்றவள் 'பா நோய்'. தன் மாமியாருக்கு 'நோய்' பொருத்தமான பேர்தான் என்று சிவனேஸ்வரி வீட்டில் சொல்லப்போக, கணவன் விக்னராஜா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

ஆறு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வரிசையில் ஒருத்தியை நிறுத்தவேண்டும் என்றான் போர்மன். லியென் எழுந்துபோய், தங்கச்சி இருக்கட்டும், தன்னை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தாள். மூத்தவள்தானே விட்டுக்கொடுக்க வேண்டும் என்றாள்.

சனியும் ஞாயிறும் சிவனேஸ்வரி குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். உட்கார்ந்தால் எழும்பத் தோன்றியது, எழும்பினால் போக இடமில்லை.

"உண்மையைச் சொன்னா உம்மட வேலையெல்லே போகும். விசரோ உமக்கு?" என்றான் விக்னராஜா.

"அவவின்ர சோத்தைச் சாப்பிட்டனான்."

வேலை போவதல்ல அவள் பயம். தன்னை அதட்டி ஊட்ட ஒருத்தி இருந்தாள், இனி இருக்கமாட்டாள். அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை மெஷின்கள் ஓடத் தொடங்குமுன் லியெனிடம் சொன்னாள். லியெனின் முகம் கறுத்தது. வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூத்தவளை ஆறு மாதம் அதட்டியிருக்கிறேனே, என்னை மரியாதை கெட்டவள் ஆக்கிவிட்டாயே என்பதைத்தான் தெரிந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சிவனேஸ்வரி போர்மனிடம் போய், லியென் இருக்கட்டும் என்று சொல்லி, தன் கணக்கை முடித்துக்கொண்டு வந்தாள். கைப்பையை எடுக்கக் குனிந்தபோது லியென் எழுந்து நின்று, கண்ணை நிமிர்த்தாமல், மூத்தவளை அழைக்கும் முறையில், "சி" என்றாள்.

கடைசியாக ஒருமுறை தன்னை அவள் அதட்டியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே சிவனேஸ்வரி ட்ராமுக்கு நடந்தாள்.