தலையாட்டி போட்ட அப்டேட்

யார் எதைக் கேட்டாலும் "சரி" என்பதால் வீட்டில் அவருக்குத் தலையாட்டி என்றே பெயர். பஸ் ஓட்டுநர். விடுமுறை என்றால் கையும் காலும் சும்மா இருக்காது மனுஷனுக்கு. அன்று காலை மனைவியின் லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு அப்டேட் போட்டார். நடுவில் அது ஏதோ கேட்டது. வழக்கம்போல சரி என்பதற்கு "ஒய்" எழுத்தைத் தட்டினார்.

மனைவிக்குத் தையல் பேட்டர்ன் போடும் தொழில். சட்டையின் முதுகு, கை, காலர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து, பெரிய பிரிண்டரில் நிஜ அளவிலேயே எடுத்துத் தருவாள். பதினோரு மணிக்கு ஒரு தையற்கூட முதலாளி வருவதாக இருந்தது. டாக்டர் கோட்டு பேட்டர்ன் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க வேலை. பிரிண்டரில் வந்ததோ பொம்மைக்குப் போடுகிற கோட்டு.

"என்னங்க பண்ணினீங்க?"

"அப்டேட்தான். ஏதோ கேட்டுச்சு, சரின்னேன்."

இந்த வேலைக்காக அவள் எத்தனை படி ஏறி இறங்கினாள் என்று அவருக்குத் தெரியும். மச்சினிக்குப் போன் போட்டார். அவளுக்கு லினக்ஸ் அத்துப்படி.

"கேள்வியைப் படிச்சீங்களா மாமா?"

"இல்லைம்மா."

"அக்காவோட செட்டிங்ஸை வச்சுக்கவா, புதுசைப் போடவான்னு கேட்டிருக்கும். நீங்க புதுசைப் போடச் சொல்லிட்டீங்க. பேப்பர் அளவெல்லாம் போச்சு. பயப்படாதீங்க, பழசை அது தூக்கி எறியாது. செட்டிங்ஸ் ஃபைல் இருக்கிற அதே ஃபோல்டர்ல, பேர் கடைசில 'ஓல்டு'ன்னு இருக்கும் பாருங்க."

இருந்தது! மச்சினி சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை படித்துத் தட்டினார். பழைய ஃபைலை அதன் இடத்தில் வைத்து, பிரிண்டர் சர்வீஸை மறுபடி ஓடவிட்டார்கள். தாள் நீளமாக உருண்டு வந்தது. மனைவி கைப்பகுதியில் டேப்பை வைத்தாள். அறுபது சென்டிமீட்டர், கச்சிதமாக இருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"அடுத்த தடவை அப்டேட்டுக்கு முன்னாடி அந்த ஃபைலைக் காப்பி எடுத்து வைங்க. கேள்வி வந்தா படிங்க. புரியலைன்னா வேண்டாம்னு 'என்' எழுத்தைத் தட்டுங்க மாமா" என்று சொல்லி மச்சினி போனை வைத்தாள்.

முதலாளி வந்து தாளை விரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தலையாட்டியின் பக்கம் திரும்பினார்.

"வருஷத்துக்கும் நீங்களே பண்ணுங்க சார். இன்னும் இருபது டிசைன் இருக்கு, நாளைக்கே குடுத்துடலாமா?"

தலை பாதி ஆடிவிட்டது. சட்டென்று நிறுத்தினார்.

"அதை அவகிட்ட கேளுங்க."

"பத்து நாள் வேணும்" என்றாள் மனைவி. முதலாளி ஒப்புக்கொண்டு கிளம்பினார்.

அவர் படியிறங்கியதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் கேள்வியைப் படிச்சிருக்கீங்க!"