எவர் எச்சிலும் படாத சுருட்டு

ரெங்கசாமிக்கு இரண்டாம் வருஷத் திவசம். படையல் இலையில் வைக்க வேண்டியதையெல்லாம் அவன் மனைவி அம்சவேணி முதல் நாளே வாங்கிவிட்டாள். சுருட்டை மட்டும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அதை ஓர் இரவு வீட்டில் வைத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

பர்மாவின் போட்டாதாங் கப்பல் ஜெட்டிக்கு எதிரே தஸ்தகீர் பாயின் கடை. வெற்றிலையும் பர்மாச் சுருட்டும் முன்னால் இருக்கும்; கப்பல்காரர்களுக்கான சீமைச் சரக்கு கண்ணாடி அலமாரியில் இருக்கும். வாசல் பெஞ்சில் தங்கவேலு உட்கார்ந்திருந்தான். ரெங்கசாமியோடு ஜெட்டியில் மூட்டை தூக்கும் விஞ்சில் வேலை பார்த்தவன். அவளைக் கண்டதும் எழுந்துகொண்டான்.

"வாங்க மதினி. இன்னிக்குத்தானே அண்ணனுக்கு? மத்தியானம் வந்துடறேன்."

"வா தம்பி" என்றவள் கடைக்காரரிடம் திரும்பினாள். "பாய், அவரு புடிப்பாரே, சிவப்புக் காகிதப் பட்டை போட்டது. அது ஒண்ணு வேணும்."

"அந்த மிசின் சுருட்டா? அது வந்து ரொம்ப நாளாச்சே தங்கச்சி."

"அது ஒரு சுருட்டா மதினி!" என்றான் தங்கவேலு. "கியூபாவுல நல்ல எலைய எல்லாம் தொரைமாருக்குச் சுருட்டிட்டு, தரையக் கூட்டுன தூளை அள்ளி மிசினுக்குத் தீனி போட்டிருக்கான். அண்ணன் ஒருத்தர்தான் அதைக் கட்டிக்கிட்டு அழுதாரு."

அந்தப் பெஞ்சில் இந்தச் சண்டை தினமும் நடந்ததுதான். இந்தச் சுருட்டு ஒரு கப்பலில் மலிவுச் சரக்காக வந்து இறங்கியபோது ஜெட்டியில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். கியூபாச் சுருட்டு என்ற பேருக்கே பாதிப் பேர் மயங்கினார்கள். வைக்கோல் நாற்றம் என்றான் ஒருவன். காகிதம் கருகுகிறது என்றான் இன்னொருவன். கைச்சுருட்டென்றால் ஒன்று காரமாக இருக்கும், ஒன்று சாதுவாக இருக்கும். இது ஒன்றைப் பிடித்தால் பெட்டி முழுவதையும் பிடித்த மாதிரிதான் என்று தஸ்தகீர் பாயே சொன்னார். ரெங்கசாமி மட்டும் விடவில்லை.

"சுருட்டுறவ நாக்கால நக்கி ஒட்டுறதை நீ பாத்திருக்கியா? இதுல யாரு கையும் படலை, யாரு எச்சிலும் படலை. ஆசாரமான சுருட்டுடா. கோயில் குருக்களே புடிக்கலாம்."

"கருவாடு தின்ன வாய்க்கு ஆசாரமா!" என்று பெஞ்சே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அம்சவேணிக்குச் சிரிப்பு வந்ததில்லை. வரிசை வீட்டில் அவர்களுக்கு இருந்தது ஒரே அறை. சமையல், படுக்கை, சாமி விளக்கு எல்லாம் அதற்குள்தான். துணியில், தலையணையில், சோற்றில்கூட அந்த வாடை. கடைசி நாள் காலையில் அவன் ஜன்னலில் அணைத்து வைத்திருந்த பாதிச் சுருட்டை எடுத்துச் சாக்கடையில் வீசினாள்.

"இனிமே இந்த நாத்தத்தோட உள்ள வராதே!"

அவன் சாப்பிடாமல் போய்விட்டான். பத்து மணிக்கு விஞ்சுச் சங்கிலி அறுந்து அரிசி மூட்டைகள் அவன் மேல் விழுந்தன. பார்க்கிற நிலையில் முகம் இல்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்தே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சொன்னபடி அவன் உள்ளே வரவேயில்லை.

தஸ்தகீர் பாய் முக்காலி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பெட்டியை இறக்கினார். உள்ளே மூன்றோ நான்கோ கிடந்தன. ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து உருட்டினார். சருகு போல் நொறுங்கும் சத்தம்.

"உலர்ந்து போச்சு. நல்ல கைச்சுருட்டு ஒண்ணு தர்றேன், என் பேரால வையி. ரெங்கசாமி எனக்கும் வேண்டியவன்தான்."

"வேணாம் பாய். இதுதான் வேணும்." சற்றுத் தயங்கி, யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள். "போன வருஷமும் இதைத்தான் வெச்சேன். ரெண்டு தடவை பத்த வெச்சும் ரெண்டு தடவையும் அணைஞ்சு போச்சு. அவருக்கு இன்னும் கோவம் தீரலை. அன்னிக்கு நான்தான் உள்ள வராதேன்னு சொன்னேன்."

தங்கவேலு தலையைக் குனிந்துகொண்டான்.

"பத்த வெச்சே, சரி. இழுத்தது யாரு?" என்றார் பாய்.

"இழுக்கிறதா? படையல் சாமான்ல வாய் வைப்பாங்களா பாய்?"

"எங்க மார்க்கத்துல இதெல்லாம் இல்லை. உங்க சாங்கியத்துல நான் வாய் திறக்கலை. ஆனா சுருட்டு எனக்குத் தெரியும். இழுக்காம வெச்சா எந்தச் சுருட்டும் அணையும் தங்கச்சி. கவர்னர் தொரை புடிக்கிறதும் அணையும். அவன் கோவத்துல அணையலை."

ஆறுதலாகத்தான் சொன்னார். சுருட்டை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. ஒரு வருஷமாக அவன் கோபமாக இருக்கிறான் என்று நம்பியிருந்தாள். கோபமாகவாவது இருந்தான். இப்போது அதுவும் இல்லை.

மத்தியானம் அவனுடைய வேட்டியையும் சட்டையையும் மடித்துப் பலகையில் வைத்து, விளக்கேற்றி, இலை போட்டாள். ஆட்டுக்கறி, கருவாட்டுக் குழம்பு, ஒரு தம்ளர் சாராயம். அன்று அவன் சாப்பிடாமல் விட்டுப் போன பழைய சோறும் வெங்காயமும் ஓர் ஓரத்தில். தங்கவேலு கதவோரம் நின்றான்.

"குடுங்க மதினி, நான் இழுக்கறேன்."

"நீ அதைச் சீன்னு துப்புனவன்" என்றாள்.

பக்கத்து அறை பர்மாக்காரி மா மியா வாசலில் உட்கார்ந்து பெரிய பச்சைச் சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தாள். பொம்பளையா இவள் என்று அம்சவேணி எத்தனையோ முறை முகம் சுளித்திருக்கிறாள். யார் எச்சிலும் படாதது என்று அவன் பெருமையடித்த சுருட்டை இப்போது கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் எழுந்த இலையில்தான் அவள் சாப்பிட்டாள். அவன் எச்சில் அவளுக்கு எச்சிலாகத் தோன்றியதில்லை. ஒரு நாள் அவள் எச்சிலை அவன் பொறுத்துக்கொள்ளட்டும்.

விளக்கில் பற்றவைத்து வாயில் வைத்தாள். முதல் இழுப்பில் நெஞ்சு அடைத்து இருமினாள். கண்ணில் நீர் முட்டியது. காரம், கசப்பு, கருகிய காகித வாடை. பெஞ்சில் சொன்னதெல்லாம் சரிதான், மட்டமான சுருட்டுதான். ஆனால் அவன் பிடித்ததற்கும் இதற்கும் இம்மியும் வித்தியாசமில்லை. சாக்கடையில் வீசிய மிச்சத்தை யாரோ திருப்பிக் கொடுத்தது போலிருந்தது.

அவள் இழுத்தால் கனன்றது, நிறுத்தினால் மங்கியது. வேறு எந்தக் கையும் அதைத் தொடவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் சிவப்புப் பட்டை வரைக்கும் இழுத்தாள். புகை விளக்கைச் சுற்றி, வேட்டி மேல் படிந்து, கூரை வரை நின்றது.

தங்கவேலுவுக்கும் கண் எரிந்தது. ஜன்னலைத் திறக்கப் போனான்.

"வேணாம் தம்பி" என்றாள் அம்சவேணி. "உள்ளயே இருக்கட்டும்."