தட்டு நிற்காத வாங்கு

"தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. கோயில்ல தாலித் தட்டு சுத்தி வர்றப்ப நீங்க தொட வேணாம். நல்ல காரியம் பாருங்க."

மாப்பிள்ளையின் தாய் ஜெயமலர் இதைச் சொன்னபோது, பூரணி மகள் வினோதாவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்தாள்.

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவச் சபையில், தாலியை ஒரு தட்டில் வைத்து, சபையார் உட்கார்ந்திருக்கும் நீள வாங்குகளில் வாங்கு வாங்காகக் கொண்டுபோவார்கள். எல்லோரும் தொட்டு வாழ்த்துவார்கள். கைம்பெண்கள் கடைசி வாங்கில் இருப்பார்கள். அங்கே தட்டு போகாது. பூரணியின் புருஷன் மலையில் குளவி கொட்டிச் செத்து ஐந்து வருஷம்.

லயத்து வீட்டு வாசலில் பாஸ்டர் சோலைமலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, போன ஞாயித்துக்கெழம என்னங்க சொன்னீங்க? நாம எல்லாரும் கர்த்தருக்கு மணவாட்டின்னுதானே?"

"ஆமாம்மா."

"நானுங்களா?"

"நீங்களுந்தான்."

"அந்த மாப்பிள்ளைக்கிச் சாவே இல்லன்னும் சொன்னீங்க."

"அல்லேலூயா," என்றார் பாஸ்டர், பழக்கத்தில்.

"அப்ப நான் எப்பிடிங்க தாலியறுத்தவ?"

பாஸ்டர் கோப்பைக்குள் பார்த்தார். "அது ஆவிக்குரிய விசயம்மா. இது ஊரு வழக்கம்."

"பாருங்க, பாஸ்டரே சொல்லிட்டாரு," என்றாள் ஜெயமலர்.

பூரணி மிச்சப் பூவையும் வைத்து முடித்தாள். பெற்ற மகளின் தாலியைத் தொட வேண்டும் என்பதைத் தவிர அன்றைக்கு அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை. கோயிலில் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தாள்.

தட்டு சுற்றியது. கடைசிக்கு முந்திய வாங்கில் திரும்பியது.

"எல்லாரும் தொட்டாச்சா?" என்று பாஸ்டர் கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான். யாரும் பதில் சொல்வதில்லை.

"இல்லீங்க," என்றாள் வினோதா.

அவளே தட்டை வாங்கிக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தாள். பூரணி தாலியைத் தொட்டாள். உடனே கையை எடுக்கவில்லை. பக்கத்திலிருந்த லெட்சுமியும் கையை நீட்டினாள். பிறகு அந்த வாங்கே கை நீட்டியது.

"அப்பிடியே கட்டக்கூடாது பாஸ்டர்," ஜெயமலர் எழுந்துவிட்டாள். "தீட்டுக் கழிய ஒரு ஜெபம் பண்ணிக் குடுங்க."

பாஸ்டர் திருமண ஆராதனைப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பார்த்தார். பின்னாலிருந்தும் பார்த்தார். சபை முழுவதும் காத்திருந்தது. அப்படி ஒரு ஜெபம் அதில் இல்லை.

புத்தகத்தை மூடினார்.

"கட்டுப்பா," என்றார் மாப்பிள்ளையிடம்.