டேஷ்போர்டில் ஐந்து விரல்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு நாற்காலியில் கிடைத்தது. எழுதுகிற நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள். முடி வெட்டிக்கொள்கிற நாற்காலி. கழுத்தைச் சுற்றித் துணி கட்டியாயிற்று, கண்ணாடியைக் கழற்றியாயிற்று, அசையக் கூடாது. கிட்டப்பார்வைக்காரனுக்குப் பக்கத்தில் வருவது மட்டும் நன்றாகத் தெரியும். என் காதோரம் வந்த சலூன்காரரின் கட்டைவிரல் நகத்தில் சாம்பல் நிறப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"என்னண்ணே, வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சீங்களா?"

"வீட்டுக்கு இல்ல சார், வண்டிக்கு. உள்ள இருக்குற டேஷ்போர்டு. நானே கழட்டி நானே அடிச்சேன்." கத்தரிக்கோல் ஒரு நொடி நின்றது. "வீட்டுக்காரிக்காக."

பிறகு தலையைக் குனியச் சொல்லிவிட்டார். நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் விடுகிற கதை. மனைவிக்காக ஒருவர் எதற்கு டேஷ்போர்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும்? கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எழுத ஒன்றும் மிஞ்சியிருக்காது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "விபத்துக்குப் பிறகு அவன் வண்டியைத் தொடவே இல்லை. அவனுடைய மனைவி ஒருநாள் வாளியும் துணியுமாக—"

அந்தக் கோட்டோடு நிற்கிறது. நான் எழுதுவதை முதலில் படிப்பவள் என் தங்கை. "ஏன்ணா, ஓட்டுறதுன்னா அவன், துடைக்கிறதுன்னா அவளா? பெயின்ட் அடிச்சது உன் சலூன்காரர்தான? அவர எங்க தொலைச்ச?" என்றாள். வாயை மூடிக்கொண்டு மாற்றி எழுதினேன்.

இரண்டாம் தொடக்கம்.

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சலூன்காரரின் மனைவி. எல்லோருக்கும் அவர் டீச்சர். சலூன்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். அதில் பாதி கேலி, பாதி மரியாதை. டீச்சரின் வண்டியில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பதினான்கு வருடமாக அந்தப் பிரேக் எத்தனையோ பூனைகளையும் சைக்கிள்களையும் காப்பாற்றியிருக்கிறது. ஏழு மாதத்துக்கு முன்பு, கற்றுக்கொள்ள வந்த பெண் ஒருத்தி ஒரு திருப்பத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். வண்டி நடைபாதையில் ஏறி மரத்தில் முட்டியது. பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. டீச்சரின் முழங்கால் எதிரே டேஷ்போர்டில் இருந்த சின்னப் பெட்டியின் மூடியில் இடித்து, அதில் ஒரு கீறல் விழுந்தது.

டீச்சரின் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. ஏன் அழுத்தவில்லை என்று அவருக்கே தெரியவில்லை.

முறிந்த மணிக்கட்டு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. அந்தப் பெண் வேறு இடத்தில் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். டீச்சர் மட்டும் அதற்குப் பிறகு தான் உட்காரும் பக்கத்துக் கதவைத் திறக்கவே இல்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று போன வாரம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஒருவர் சொல்லியும்விட்டார்.

"விக்கிறதுன்னு ஆயிருச்சு. அதுக்கு முன்னாடி உள்ள கொஞ்சம் மூஞ்சி கழுவி விடுறேனே?" என்றார் சலூன்காரர். சாக்குதான். முகம் மாறினால் மனமும் மாறாதா என்று அவருக்கு ஒரு நப்பாசை. சாக்கு என்று டீச்சருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

[ஒரு குறிப்பு: முதலில் சலூன்காரரை 'அவர்' என்றும் டீச்சரை 'அவள்' என்றும் எழுதியிருந்தேன். தங்கை சிவப்பு மையில் பதினேழு இடத்தில் வட்டம் போட்டாள்.]

3

சலூன்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கழற்றவும் தெரியாதுதான். ஆனால் கடைக்காரக் கை சும்மா இருக்காதே. வால் சீப்பின் நுனியை இடுக்கில் விட்டு மெல்ல நெம்பினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. பெட்டியின் மூடி, ரேடியோவைச் சுற்றிய சட்டம், காற்று வரும் துளைகளின் ஓரப் பட்டை எல்லாம் பின்பக்கப் பால்கனியில் செய்தித்தாளின் மேல் வரிசையாகக் கிடந்தன. கீறலைப் பட்டி வைத்து நிரப்பினார். நைஸான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். கழுவினார், காயவைத்தார், முதல் பூச்சு அடித்தார்.

மூடியில் பெயின்ட் நிற்கவில்லை. சின்னச் சின்ன வட்டமாக விலகி, அடியில் இருந்த பிளாஸ்டிக்கைக் காட்டியது. மறுபடி தேய்த்தார், அடித்தார். அதே குழிகள். வெள்ளிக்கிழமை கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து மூன்றாம் முறை அடித்தார். அதே இடத்தில் அதே குழிகள்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. காரணம் என்று நான் யோசித்து வைத்திருந்தது நிஜத்தில் நடக்குமா? சோதித்தால்தான் தெரியும். ஒரு வண்டியின் பெட்டி மூடியைக் கழற்றிச் சோதித்தேன். நடக்கிறது. வண்டி என் தங்கையுடையது. அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.)

4

டீச்சர் சமையலறை ஜன்னல் வழியாகக் கணவரைப் பார்த்துக்கொண்டே நிற்பதாக மூன்று பக்கம் எழுதியிருந்தேன். மழைகூடப் பெய்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். பதினான்கு வருடம் சாலையில் கத்திப் பழகியவர் ஜன்னலில் நின்று பெருமூச்சு விடுவாரா? உண்மையில் அவர் பால்கனிக்கு வந்தது சண்டை போட. காயப்போட்ட துணியெல்லாம் பெயின்ட் நாற்றம்.

வந்தவர் மூடியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னங்க இது, அம்மை போட்ட மாதிரி?"

"மூணாவது தடவ டீச்சர். நான் எல்லாம் சரியாத்தான் பண்றேன். பெயின்ட்டுதான் மட்டம்."

"பெயின்ட் மேல பழி போடாதீங்க." மூடியை ஓரத்தில் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்தார். "இங்க வாங்க. உங்க கைய இதுக்கு மேல நீட்டுங்க. தொடாதீங்க, மேல காட்டுங்க போதும்."

காட்டினார். ஐந்து விரல், ஒரு உள்ளங்கை. குழிகள் அத்தனையும் அந்தக் கையின் கீழே அடங்கின.

"தேய்ச்சு முடிச்சதும் தடவிப் பாத்தீங்களா?"

"வழவழன்னு வந்திருக்கான்னு பாக்க வேணாமா?"

"இது என்ன, ஷேவ் பண்ண கன்னமா? காலையிலேர்ந்து எத்தன தலைக்கு க்ரீம் தடவுன கை அது! அந்தப் பிசுக்குல பெயின்ட் எப்படி நிக்கும்?"

சலூன்காரர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். கை தானாகப் போயிருக்கிறது. டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். (ஏழு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு என்று எழுதி, அடித்துவிட்டேன். நடுவில் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பூனை பால் பாத்திரத்தில் தலையை மாட்டிக்கொண்டபோதும் சிரித்திருக்கிறார்.)

5

"தள்ளுங்க," என்றார் டீச்சர்.

மூடியைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, மறுபடி தேய்த்து, மறுபடி கழுவி, ஓரத்தை மட்டும் பிடித்துக் காயவைத்தார். ஸ்பிரே டப்பாவைக் கையில் எடுத்தார். விரல் பொத்தானின் மேல் இருந்தது, அழுத்தவில்லை. சலூன்காரர் அதைப் பார்த்துவிட்டு வேறு எங்கோ பார்த்தார். என்ன சொன்னாலும் தப்பாகிவிடும் என்று பயம்.

டீச்சர்தான் பேசினார். "கவனிங்க. ஓரத்துக்கு வெளியவே ஆரம்பிச்சிரணும். ஒரே வேகம். கண்ணு கைய பாக்கக் கூடாது, போற இடத்தப் பாக்கணும். தாண்டுன பிறகுதான் விரல எடுக்கணும். நடுவுல பயந்து நின்னீங்கன்னா, நின்ன இடத்துல வழிஞ்சிரும்."

சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல ஒரு நொடி நின்றார். பிறகு விரலை அழுத்தினார், டப்பா நகர்ந்தது. நடுவில் நிற்கவில்லை. பெயின்ட் மூடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே சீராக உட்கார்ந்தது.

ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த அந்தக் குரலைச் சலூன்காரர் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டார். வீட்டுக் குரல் வேறு, இது வேறு. அவருக்குச் சந்தோஷம்தான். அதற்கு வேறு சொல் தேடி அரை நாள் வீணாக்கினேன், கிடைக்கவில்லை.

6

முடிவுகள்.

அ) ஞாயிற்றுக்கிழமை வந்தவர் புது டேஷ்போர்டைப் பார்த்து மயங்கி, வண்டியை அப்போதே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். தங்கை பேசாமல் இருந்தவள், இதைப் படித்துவிட்டுப் பேசினாள். இங்கே எழுத முடியாத வார்த்தை.

ஆ) டீச்சர் வண்டியை எடுத்துக்கொண்டு கையசைத்தபடி தெருமுனை திரும்புகிறார். இது எனக்கே தித்தித்துத் திகட்டுகிறது.

இ) சனிக்கிழமை சாயங்காலம். எல்லாவற்றையும் மாட்டியாயிற்று. கிளிப் ஒன்று உடைந்ததால் மூடி லேசாக ஆடுகிறது. "எங்க, பாக்கலாம்," என்று டீச்சர் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். மூடியை விரலால் அழுத்திப் பார்த்தார். கீறல் இருந்த இடம் புதிதாகப் பார்ப்பவர் யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். அங்கே விரல் கொஞ்ச நேரம் நின்றது. சலூன்காரர் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க? அந்தப் பக்கம் போய் உக்காருங்க."

"ஸ்டியரிங் பக்கமா? எனக்கு ஓட்டத் தெரியாதே டீச்சர்."

"தெரிஞ்சா நான் எதுக்கு?"

சுற்றி வந்து உட்கார்ந்தார். ஸீட்டை முன்னால் இழுத்தார். அதிகமாக இழுத்து முட்டி இடித்துக்கொண்டார். சாவி தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சரின் கால் தன் பக்கத்துப் பிரேக்கைத் தேடி அதன்மேல் உட்கார்ந்தது.

"நாளைக்கு வர்றவருக்கு என்ன சொல்றது?" என்று கேட்டுக்கொண்டே சலூன்காரர் ஸ்டியரிங்கை நோக்கிக் கைகளை நீட்டினார்.

"மொதல்ல கையத் தொடச்சிட்டுப் பிடிங்க."

7

இதற்கு மேல் நான் வண்டியை நகர்த்தப் போவதில்லை. பின் ஸீட்டில் நீங்களும் நானும்தான் இருக்கிறோம். சாவியைத் திருப்புவதும் திருப்பாததும் உங்கள் இஷ்டம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இது நான் விட்ட கதை இல்லை. நேற்றுக் காலை பத்து மணிக்கு முடி வெட்டப் போனேன். எனக்குத் தெரிந்து அந்த நேரத்தில் ஒருநாளும் பூட்டாத கடை பூட்டியிருந்தது. கதவில் ஓர் அட்டை தொங்கியது: 'ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன்.' அட்டையின் ஓரத்தில் எண்ணெய் விரல் தடம். 'வந்துவிடுவேன்' என்பதற்குக் கீழே இரண்டு முறை கோடு போட்டிருந்தார்.

நான் காத்திருக்கவில்லை. முடி இன்னும் கொஞ்சம் வளரட்டும்.